ஒடாலிஸ் கொடுத்த சுருதி

துபாய் கராமாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மாலை ஏழு மணிக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் படியிறங்குவார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு கணம் நின்று, தலையைச் சற்றே உயர்த்தி, உச்சத்தில் ஒரே ஒரு சுரத்தைப் பாடிவிட்டுத் தொடர்ந்து இறங்குவார். படிக்கட்டுச் சுவர்கள் அதை வாங்கி, கீழ்த்தளத்தில் இருந்த கௌஸ் முகைதீன் காக்காவின் பலசரக்குக் கடைவரைக்கும் கொண்டுபோகும். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். கடைச் சுவரில் கடிகாரம் இருந்தாலும் காக்கா அதை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"பாட்டுக்காரி எறங்கிட்டா. மணி ஏழாச்சு. இன்னும் குபூஸ் ரொட்டி வண்டி வரலையே," என்பார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஒடாலிஸ். கியூபாக்காரர். கிரீக் என்னும் கழியின் ஓரத்து ஹோட்டல் ஒன்றில் பாடுகிறவர். ஹோட்டல்காரர்கள் எங்கள் எதிர் ஃப்ளாட்டை அவருக்காக எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நல்ல உயரம், கரிய நிறம், வெள்ளிக் கம்பிபோல் நரை ஓடிய சுருட்டை முடி. வேலைக்குப் போகும்போது தரையைத் தொடும் கவுன். வேலையில்லாத நாட்களில் லுங்கித் துணியில் தைத்த சட்டை. அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தவர் என் உம்மா ஷம்சியா.

உம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்ததே இல்லை. உம்மா கீழக்கரைத் தமிழில் உரக்கப் பேசுவார். ஒடாலிஸ் ஸ்பானிஷில் பதில் சொல்வார். இடையிடையே துபாய் கற்றுக்கொடுத்த 'அச்சா', முடிந்தது என்பதற்கு 'கலாஸ்', இல்லை என்பதற்கு 'மாஃபி' எல்லாம் வரும். இரண்டு பேரும் சமையலறையில் மணிக்கணக்காகப் பேசிச் சிரிப்பார்கள். "உம்மா, என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்டால், "அது ஒனக்கு எதுக்கு?" என்பார் உம்மா. அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒடாலிஸின் கதையை நான் ஏழெட்டு வருஷமாகத் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். அவருக்கு வரும் கொஞ்சம் ஆங்கிலத்தில் எனக்குச் சொல்வார். நான் உம்மாவுக்குத் தமிழில் சொல்வேன்.

அவர் பிறந்தது மத்தான்சாஸ் என்னும் துறைமுக ஊரில். அப்பா கப்பலில் சர்க்கரை மூட்டை ஏற்றினார். அப்பாவின் முன்னோர்கள் அதே சர்க்கரைக்குக் கரும்பு வெட்டுவதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். இதைச் சொல்லும்போது ஒடாலிஸ் குரலைத் தாழ்த்தியதில்லை. "கரும்பு அவங்களோடது, மேளம் எங்களோடது" என்பார். அவர்கள் தெருவில் விசேஷ நாட்களில் மேளம் கட்டிப் பாடுவார்கள். ஒருவர் முன்பாட்டு, சுற்றி நிற்பவர்கள் பின்பாட்டு. சின்ன வயதிலிருந்தே ஒடாலிஸ் பின்பாட்டு. கனமான, தாழ்ந்த குரல். முன்பாட்டுக்காரர் எங்கே தடுமாறினாலும் அந்தக் குரல் கீழேயிருந்து தாங்கிக்கொள்ளும்.

வளர்ந்து, தலைநகர் ஹவானாவின் இரவு அரங்குகளுக்குப் போனார். அங்கேயும் பின்பாட்டுத்தான். முன்னால் நிற்க வெளுத்த தோல் வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேடையில் வரிசை நின்ற பிறகு பார்த்தால் அப்படித்தான் நின்றிருக்கும்.

இதை நான் தமிழில் சொன்னபோது மீன் அரிந்துகொண்டிருந்த உம்மா கத்தியை நிறுத்தினார். "அங்கயுமா?" என்றார். பிறகு நல்ல துண்டாகப் பார்த்து இரண்டை எடுத்து ஒடாலிஸுக்கென்று தனியாக வைத்தார்.

ரெனே என்ற பியானோக்காரரின் குழுவோடு ஒடாலிஸ் துபாய் வந்தது தொண்ணூற்றொன்பதில். இரண்டு வருஷம் கழித்து, குழுவின் முன்பாட்டுக்காரி ஒருநாள் ஸ்பெயினுக்கு விமானம் ஏறிவிட்டாள். அன்று மாலை மேடை உண்டு. ரெனே சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆள் இல்லை. நாற்பது வயதில் ஒடாலிஸ் முன்வரிசை மைக்கை எடுத்தார். "கையெட்டும் தூரத்துலதான் இருந்தது. எட்டிப் பிடிக்க எனக்கு இருபது வருஷமாச்சு" என்று சிரிப்பார்.

அந்தக் குழுவின் பாட்டுகள் எல்லாம் உச்சத்துக்கு எழுதப்பட்டவை, போன பெண்ணின் குரலுக்காக. ஒடாலிஸ் தம் குரலை அந்த உயரத்துக்கு இழுத்து ஏற்றினார். வருஷக்கணக்கில் ஏற்றி ஏற்றி, அந்த உச்சமே அவருடைய அடையாளமாகிவிட்டது. படிக்கட்டில் தினமும் அவர் பாடிப் பார்த்தது அந்த உச்சத்தைத்தான். இன்றைக்கும் இருக்கிறதா என்று.

இரண்டாயிரத்து ஆறில் ஒருநாள் அது இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் காற்று மட்டும் வந்தது. திரும்ப முயன்றார், துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அன்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தொண்டை டாக்டரிடம் போனார். குரல்நாணில் சின்னச் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுத்த பிறகு முதல் இரண்டு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் பாட்டு கூடாது. "பழைய உச்சம் திரும்புமா?" என்று கேட்டேன். "குரல் வரும். உச்சத்துக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது," என்றார்.

ஒடாலிஸ் டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது.

நோன்பு மாதத்தில் துபாய் ஹோட்டல்களில் மேடைப் பாட்டு நின்றுவிடும். வாத்தியங்களை உறையில் போட்டுவிட்டுப் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள், மீதிப் பேர் தூங்குவார்கள். பெருநாளன்று மறுபடியும் தொடங்கும். பாடகியின் தொண்டையில் கத்தி பட்டது என்று தெரிந்தால் ரெனே அவரைப் பழையபடி பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடுவார். ஒடாலிஸுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஊரே பாட்டை நிறுத்தும் மாதத்தில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ரமளானுக்கு ஒரு வாரம் முன்பு விடுப்பு எடுத்துக்கொண்டார். 'ஓய்வெடுக்கிறேன். பெருநாளுக்கு வருகிறேன்' என்று ரெனேவுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போனது. விஷயம் தெரிந்தவர்கள் உம்மாவும் நானும் மட்டும். வாப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, வாப்பாவுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒடாலிஸ் கழுத்தைச் சுற்றி, ஏசிக் காற்று படாமல் தலையையும் சேர்த்து, ஒரு வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டார். வெளியே அதிகம் வரவில்லை. யாராவது எதிர்ப்பட்டால் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிவார். உம்மாவுக்கு எதுவுமே மாறவில்லை. அவர் பாட்டுக்குத் தமிழில் பேசினார். ஒடாலிஸ் தலையாட்டிக் கேட்டார். முன்பும் ஏறக்குறைய இப்படித்தான்.

நோன்பு தொடங்கியது. உம்மா மாலைதோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சினார். குழைந்த அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, தேங்காய்ப்பால், பேருக்குக் கொஞ்சம் கொத்துக்கறி. புண்ணான தொண்டைக்கு அதைவிட இதமாக என்ன இருக்கிறது? அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொன்னதும் ஒரு கிண்ணம் எதிர் ஃப்ளாட்டுக்குப் போகும்.

கட்டடம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டுக்காரி பாடுவதில்லை. படியில் சத்தமில்லை. தலையில் முக்காடு. யாரிடமும் வீண்பேச்சில்லை. மஃரிபுக்குக் கஞ்சி போகிறது. கௌஸ் முகைதீன் காக்கா ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எவ்வளவு பெரிய விஷயம்! அந்தப் புள்ள நோன்பு வச்சிருக்காமே?"

உம்மா கதவைப் பிடித்தபடி நின்றார். இல்லை என்றால், ஏன் பேசுவதில்லை என்ற கேள்வி வரும். ஆமாம் என்றால் பொய். அதுவும் நோன்பு வாயோடு.

"அவகிட்டயே கேளுங்க காக்கா," என்றார்.

காக்கா எதிர்க் கதவைத் தட்டினார். ஒடாலிஸ் திறந்தார். காக்கா இரண்டு கையையும் ஏந்தித் தழுதழுத்து, இறைவனை வேண்டி துஆ ஓதினார். ஒடாலிஸ் தொண்டையில் கையை வைத்து, கண்ணை மூடித் தலை குனிந்தார்.

"பாத்தியளா தங்கச்சி, என்ன அடக்கம்!" என்றார் காக்கா.

மறுநாளிலிருந்து எதிர் ஃப்ளாட்டுக்கு வரிசையாக வரத்தொடங்கியது. காக்கா கடையிலிருந்து பேரீச்சம்பழம். முதல் மாடியிலிருந்து சமோசா. பக்கத்துப் பள்ளிவாசலில் காய்ச்சிய கஞ்சி ஒரு தூக்கில். ஒடாலிஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்தார். பிறகு என்னை உள்ளே இழுத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'எல்லாருக்கும் தெரிந்துவிட்டதா? என் தொண்டைக்குக் கஞ்சி கொண்டுவருகிறார்கள். ஆனால் ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை. என்ன மனிதர்கள்!'

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மா என் கையைக் கிள்ளினார். "வுடு. அவ மனசு நெறஞ்சு இக்கிது. அவங்க மனசும் நெறஞ்சு இக்கிது. நோன்பு முடியட்டும்."

அது அங்கேயே நின்றிருந்தால் நல்லது. ஆனால் ஒடாலிஸின் ஹோட்டலில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்ட வாசு, கராமாவில்தான் பேச்சிலர் ரூமில் இருந்தான். சிவகங்கைப் பக்கத்துப் பையன். காக்கா கடையில் சிம் ரீசார்ஜ் செய்யப் போனவனிடம் காக்கா பெருமையாகச் சொல்லிவிட்டார். வாசு நல்லெண்ணத்தில் அதை ரெனேவிடம் கொண்டுபோனான். மேடம் இஸ்லாம் மார்க்கத்துக்கு வந்துவிட்டார், இனிமேல் பாட மாட்டார், யாரும் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. ரெனேவும் நல்ல மனிதர். தொந்தரவு செய்யவில்லை. பெருநாளுக்கு வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டார்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒரு மாலை, நோன்பு திறந்த கையோடு, ரெனேவும் வாசுவும் வந்தார்கள். ஒடாலிஸ் அப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தார். டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிந்தும் பயத்தில் அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. ரெனே கையில் பூங்கொத்து. எங்களுக்கும் புரியட்டும் என்று மரியாதையாக ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"வாழ்த்துகள். உன் முடிவை மதிக்கிறோம். புதுப் பெண்ணுக்கு உன் பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நீ நிம்மதியாக இரு."

ஒடாலிஸ் என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா கரண்டியோடு வாசுவைப் பார்த்தார்.

"தம்பி, நீ என்னத்தப் போயிச் சொன்னே?"

"நோன்பு வச்சிருக்காங்கன்னுதான்க்கா... கடைக்கார பாய்தான் சொன்னாரு."

நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒடாலிஸுக்குச் சொன்னேன். பேரீச்சம்பழம், கஞ்சித் தூக்கு, காக்காவின் துஆ எல்லாம். முதலில் அவர் முகம் வெளுத்தது. பிறகு தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணில் நீர் வர. சிரித்து முடித்ததும் ரெனே பக்கம் திரும்பிப் பேசினார். எத்தனையோ நாள் கழித்து நாங்கள் கேட்ட அவர் குரல் அது. கரகரவென்று, ஆனால் உடையாமல். ஸ்பானிஷில் பேசியதால் அப்போது எங்களுக்கு அர்த்தம் தெரியாது. பிறகு அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தொண்டையில் சதை எடுத்ததைச் சொன்னார். ரெனே பூங்கொத்தைக் கீழே வைத்தார்.

"ஏன் மறைத்தாய்?"

"பின்னால் நிறுத்திவிடுவாய்."

ரெனே மறுக்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத்தான். அந்தப் பெண் முன்னால் பாடட்டும், நீ பின்பாட்டுக்கு வா. உச்சம் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம்."

"உச்சம் திரும்பாது."

எங்கள் வீட்டுக் கஞ்சிப் பானையின் மூடியை ஒடாலிஸ் எடுத்தார். விரல் கணுவால் தட்டினார். முதலில் மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு இரண்டு. மறுபடியும் மூன்று, இரண்டு. அவர்கள் ஊர்ப் பாட்டுக்கு அதுதான் எலும்பு என்று முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டின்மேல் மெல்லப் பாடத் தொடங்கினார். கப்பலுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. ஹோட்டலில் உச்சத்தில் துள்ளிப் பாடுவாராம் அதை. இப்போது அது தரையோடு தரையாக வந்தது. உரக்க இல்லை. ஆனால் சமையல் மேடைமேல் இருந்த எவர்சில்வர் தட்டு லேசாக அதிர்ந்ததை நான் பார்த்தேன்.

வாசு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். உம்மா அடுப்பை அணைத்தார்.

பாட்டு நின்றதும் ரெனே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இது உன் பின்பாட்டுக் குரல்."

"ஆமாம். உன்னுடைய முன்பாட்டுக்காரிகளை எல்லாம் இத்தனை காலம் தாங்கிய குரல். இனிமேல் இது முன்னால் நிற்கும். நீ பியானோச் சுருதியைக் கீழே இறக்கு."

"எல்லாப் பாட்டையும் மாற்ற வேண்டும். ட்ரம்பெட்காரன் என்னைக் கொன்றுவிடுவான்."

"பெருநாளுக்குப் பிறகு கொல்லச் சொல்."

படியில் செருப்புச் சத்தம். கௌஸ் முகைதீன் காக்கா மூச்சிரைக்க வந்து நின்றார். "என்ன தங்கச்சி, பாட்டுச் சத்தம் கேக்குது? இந்த மாசத்துலயா? அந்தப் புள்ளயா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. உம்மா எல்லாவற்றையும் சொன்னார். காக்கா தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டார். மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் அனுப்புன பேரீச்சம்பழம்?"

"நல்லாச் சாப்ட்டா, காக்கா."

"பள்ளிக் கஞ்சி?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல்ல."

காக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நோயாளிக்குக் குடுத்தாலும் நன்மைதானே," என்றார். பிறகு வாசு பக்கம் திரும்பினார். "ஏன்டா, கடையில சொன்னத ஹோட்டல்ல போயிச் சொல்லுவியா? ஒன்னால அந்தப் புள்ள பொழப்பே போயிருக்கும்."

"நீங்கதான் பாய் கடைக்கு வர்றவன் போறவன் கிட்டல்லாம் சொன்னீங்க."

"நான் சந்தோஷத்துல சொன்னேன்."

"நானும் அதுலதான் சொன்னேன்."

ஒடாலிஸ் உள்ளேயிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துவந்து காக்காவின் கையில் வைத்தார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். இந்தமுறை காக்காவும் பதிலுக்கு அதேபோல் குனிந்தார்.

பெருநாள் மாலை ஹோட்டல் தோட்டத்தில் குடும்பங்களுக்கான நிகழ்ச்சி. மது கிடையாது, குழந்தைகளுக்கு ஊஞ்சலும் பலூனும் உண்டு என்று வாசு உறுதி சொன்ன பிறகுதான் உம்மா புர்கா போட்டார். வாப்பா புதுச் சட்டை. ஒடாலிஸ் எங்களுக்கு முன்னால் இறங்கினார். பச்சை கவுன். வெள்ளைச் சால்வை இப்போது தோளில் கிடந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். அவர் தலையை உயர்த்தவில்லை. தாழ்ந்த ஒரு சுரம், அடிவயிற்றிலிருந்து. படிக்கட்டுச் சுவர்கள் முன்பு எப்போதும் அப்படி முழங்கியதில்லை.

கீழே கடை வாசலில் காக்கா கடையை அடைத்துவிட்டு எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். "மணி ஏழாச்சு," என்றார்.

ஹோட்டலில் முதலில் அந்தப் புதுப் பெண் பாடினாள். சின்ன வயது, நல்ல உச்சம். கூட்டம் கைதட்டியது. எங்கள் மேசையில் யாரும் கைதட்டவில்லை. கடைசிப் பகுதிக்குத்தான் ரெனே ஒடாலிஸின் பெயரைச் சொன்னார்.

எனக்கு இசை தெரியாது. அதனால் அன்று பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். புதுப் பெண் மைக்கை ஒடாலிஸிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போய் நின்றாள். ஒடாலிஸ் திரும்பி அவளைப் பார்த்தார். கையைப் பிடித்து, தம் பக்கத்தில் முன்வரிசையிலேயே நிறுத்திக்கொண்டார். பிறகு மூன்று தட்டு, இரண்டு தட்டு. துறைமுகத்துக்காரியின் பாட்டு தொடங்கியது. பலூனுக்காக அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை வாயை மூடியது. பக்கத்து மேசை அரபிக் குடும்பத்துப் பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணின் உச்சக்குரல் மேலே ஏறும்போதெல்லாம் கீழே ஒடாலிஸ் இருந்தார். ஆனால் யாரும் மேலே பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ஒடாலிஸ்மேல்தான்.

பாட்டு முடிந்ததும் காக்கா எழுந்து நின்று கைதட்டினார். முன்பின் தெரியாத அந்த அரபிப் பெரியவரிடம், "நம்ம பில்டிங், சார்! தேர்ட் ஃப்ளோர்!" என்றார்.

"உக்காருங்க காக்கா," என்று உம்மா அதட்டினார். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

ஒடாலிஸ் அதன்பின் அந்த ஹோட்டலில் மூன்று வருஷம் பாடினார். பிறகு தோஹாவுக்குப் போனார், தம் பெயரிலேயே அமைந்த ஒரு குழுவோடு. பழைய உச்சம் திரும்பவே இல்லை. அதை அவர் தேடவும் இல்லை.

அன்றைய நிகழ்ச்சியில் இன்னொன்றும் நடந்தது. வாசுதான் அதை எங்களுக்குச் சுட்டிக்காட்டினான். அதுவரை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ரெனே பியானோவில் சுருதியைத் தொட்டுக் காட்டுவார். பாடுகிறவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பாட்டுக்காரியாக ஐந்து வருஷம் நின்ற ஒடாலிஸும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று ஒடாலிஸின் இரண்டாவது பாட்டுக்கு ரெனே விரல்களைக் கட்டைகள்மேல் தூக்கிப் பிடித்தார், ஆனால் தொடவில்லை. ஒடாலிஸைப் பார்த்துக் காத்திருந்தார். ஒடாலிஸ் அவசரப்படவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு, தமக்கு வேண்டிய இடத்தில் ஒரு சுரத்தை வைத்தார்.

ரெனே அதைத் தேடிப் பிடித்து வாசித்தார்.